மசோதா சட்டமாகும் முறை

மக்கள் கூடி வாழும் நாட்டிற்கு முறை இன்றியமையாதது. அம்முறையை வகுப்போர் யாவர், எவ்வாறு வகுக்கின்றனர் என்பதனை அறிதல் கற்றார்க்குக் கடமையாகும். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பலகாலும் பெருமையுடன் பேசுகின்றோம். அக்கல்வெட்டு, குடவோலை வாயிலாக ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைச் செவ்வனே எடுத்துரைக்கின்றது. ஆயின், தெரிந்தெடுக்கப்பட்டோர் அவையிற் கூடியபின் யாது செய்கின்றனர், அவர்தம் சொல் எவ்வாறு நாட்டின் சட்டமாகின்றது என்னும் வினாவோ தேர்தற்கால ஆரவாரத்தில் மறைந்துபோகின்றது. அவ்வினாவிற்குத் தமிழ்நாட்டுச் சட்டசபையையே சான்றாகக் கொண்டு விடைகாண யாம் ஈண்டு முயல்கின்றோம்.

இச்சபையில் 234 அங்கத்தினர் உளர். முன்னர் மேற்சபை ஒன்றும் இருந்தது. அஃது 1986-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நீக்கப்பட்டது. ஆதலின் இன்று சட்டம் இயற்றும் பொறுப்பு முழுவதும் இவ்வொரு சபையின்மேலேயே நிற்கின்றது. சட்டமாக வேண்டிச் சபைமுன் வைக்கப்படும் வாசகத்தை மசோதா என்பது நெடுநாள் வழக்கு. சட்டசபை ஏடுகள் அதனை இப்பொழுது சட்டமுன்வடிவு என வழங்குகின்றன. இப்பெயர் பொருள் பொதிந்தது. முன்வடிவு என்பது முடிந்த வடிவு அன்று. இன்னும் செதுக்குதற்கு இடமுடையது. செதுக்கும் அத்தொழில் எங்கே, எவரால், எவ்வளவு கருத்துடன் நிகழ்கின்றது என்பதே இக்கட்டுரையின் உட்பொருளாகும்.

ஒரு மசோதா மூன்று படிகளைக் கடந்து செல்கின்றது. இங்கிலாந்துப் பார்லிமெண்டின் வழக்கத்தைத் தழுவி இவற்றை முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்பர். முதற்படியில், அமைச்சர் ஒருவர் எழுந்து மசோதாவை அறிமுகப்படுத்துதற்குச் சபையின் இசைவை வேண்டுகின்றார். அமைச்சரல்லாத அங்கத்தினரும் மசோதா கொணர உரிமையுடையர். இப்படியில் நீண்ட விவாதம் நிகழ்வதில்லை. மசோதா அரசிதழில் வெளியிடப்படுமாதலின், நாட்டு மக்கள் அதனைப் படித்தறிய வழியுண்டு.

இரண்டாம் படியே உயிர்நிலை. அஃது இரு பகுதியாய் அமைகின்றது. முதற்பகுதியில் மசோதாவின் அடிப்படைக் கொள்கை மட்டுமே ஆராயப்படும். இச்சட்டம் வேண்டுமா, வேண்டாவா என்பதே கேள்வி. அப்பொழுது சபைமுன் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. மசோதாவை உடனே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். சபையினர் சிலரைக் கொண்ட தெரிவுக் கமிட்டிக்கு அனுப்பலாம். அன்றேல் பொதுமக்கள் கருத்தை அறியும்பொருட்டு ஊர்முழுதும் சுற்றறிக்கையாக விடலாம். கமிட்டிக்குச் சென்ற மசோதாவைச் சிலர் அமர்ந்து, துறையறிந்தாரை வினவி, ஆராய்ந்து அறிக்கை தருவர். பேரவையில் ஆகாத நுண்ணிய வேலை அச்சிறு கூட்டத்தில் ஆகும்.

இரண்டாம் பகுதியில் மசோதாவின் பிரிவுகள் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நம் கல்லூரிச் சொற்போர்களை நாம் அறிவோம். பொருள் ஒரு வாக்கியமாக முன்னரே வரையறுக்கப்படும். ஒரு சாரார் வெட்டுவர், ஒரு சாரார் ஒட்டுவர். ஈற்றில் கை தூக்குவோம். அவ்வாக்கியத்தில் ஒரு சொல்லையேனும் மாற்றும் உரிமை எவர்க்கும் இல்லை. சட்டசபையிலோ அவ்வுரிமையே தலையாயது. இன்ன சொற்களை நீக்குக, இன்ன சொற்களைச் சேர்க்க, இன்ன சொல்லுக்கு மாறாக இன்னது அமைக்க என்று அங்கத்தினர் முன்னறிவிப்புத் தந்து திருத்தம் கொணரலாம். திருத்தம் மசோதாவின் எல்லைக்குள் அடங்கியதாயும், அப்பிரிவிற்குப் பொருத்தமுடையதாயும், சபை முன்னரே செய்த முடிவோடு முரணாததாயும் இருத்தல் வேண்டும். வெறும் மறுப்பைத் திருத்தமென்று கொள்ளார். மறுக்க விரும்புவோர் அப்பிரிவிற்கு எதிராக வாக்களித்தலே முறை. திருத்தம் முதலில் தீர்க்கப்படும். பின்னரே, பிரிவு மசோதாவின் பகுதியாக நிற்குமா என்னும் வினாவைச் சபாநாயகர் விடுப்பார்.

ஒரு சொல்லுக்காக இத்துணை முறைமை வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். 1967-ஆம் ஆண்டு இச்சபை நிறைவேற்றிய இந்து திருமணச் சட்டத் திருத்தத்தை நோக்குக. புரோகிதரும் சடங்கும் இன்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாதென்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு கூறியிருந்தது. அம்முறையில் மணந்து வாழ்ந்த பல குடும்பங்களின் மனைவியுரிமையும் மக்களுரிமையும் இதனால் ஐயத்திற்குள்ளாயின. சி. என். அண்ணாதுரை அவர்கள் முதலமைச்சராயிருந்த காலத்தில் நிறைவேறிய அச்சட்டம் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியிற் கூறுதல், மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் என்னும் இவற்றுள் எதனாலும் மணம் செல்லும் என்பது அதன் கருத்து. இவற்றின் இடையே நிற்பது ‘அல்லது’ என்னும் பொருளுடைய சொல்லாகும். அவ்விடத்தே எண்ணும்மையை வைத்துப் பார்ப்போம். மாலையும் மோதிரமும் தாலியும் ஆகிய எல்லாம் இருந்தாலன்றி மணம் செல்லாதென்று ஆகிவிடுமன்றோ? தாலியை வேண்டாது மணந்தோர் மீண்டும் வழக்குமன்றத்தின் வாயிலில் நிற்க நேர்ந்திருக்கும். எண்ணும்மைக்கும் விகற்பத்திற்கும் உள்ள வேற்றுமையை நாம் இலக்கண வகுப்பிற் படித்துத் தேர்வுத்தாளில் எழுதி விடுகின்றோம். சட்டத்தின்கண் அவ்வேற்றுமை ஒரு குடும்பத்தின் வாழ்வையே தாங்கி நிற்கின்றது.

பிரிவுகள் யாவும் முடிந்தபின், மசோதா நிறைவேற்றப்படுக என்னும் பிரேரணை வருகின்றது. இதுவே மூன்றாம் படி. இங்கே மசோதாவை ஏற்கலாமா, தள்ளலாமா என்னும் அளவில் பேச்சு நிற்கும். பின்னர்ச் சபாநாயகர் வினாவை விடுக்க, இசைவோர் ‘ஆம்’ என்பர்; இசையாதார் ‘இல்லை’ என்பர். குரலைக் கேட்டு அவர் முடிவு கூறுவார். அம்முடிவை எவரேனும் மறுத்தால் தலைகளை எண்ணிக் கணிப்பர். வந்திருந்து வாக்களித்தோருள் பெரும்பான்மையோர் கருத்தே சபையின் கருத்தாகும். சபாநாயகர் முதற்கண் வாக்களியார். இருபுறமும் வாக்குச் சமமாயின் மட்டும் தம் வாக்கை அளிப்பார். கூட்டம் நடத்தற்கு வேண்டிய குறைந்த எண், மொத்த அங்கத்தினருள் பத்தில் ஒரு பங்காகும். 234-க்கு அது 24 ஆகின்றது. ஆகவே, 24 பேர் மட்டும் அமர்ந்து அனைவரும் வாக்களிப்பரேல், 13 பேர் இசைந்த ஒன்று கோடிக்கணக்கான மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டமாதல் கூடும். அங்கத்தினரின் ஒழிந்த நாற்காலி எத்துணைப் பொருளுடையது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இனி ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தத்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிக்கும் அங்கத்தினர் தம் பதவியையே இழக்க நேரலாம். பொருளுக்காகவும் பதவிக்காகவும் கட்சி மாறும் இழுக்கைத் தடுக்க அச்சட்டம் எழுந்தது. அதன் தேவையை யாம் மறுக்கவில்லை. ஆயினும், பெரும்பான்மைக் கட்சி யாதென அறிந்தவுடனே வாக்கெடுப்பின் முடிவும் அறியப்பட்டு விடுகின்றதே. முடிவு தெரிந்த பின்னர் விவாதம் எற்றுக்கு என்று வினவுவாருளர். வினா வலியதே. இதற்கு விடையாக அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைக் காட்டுவோம்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் தொழிற்சாலைகள் சட்டத்திற்கான திருத்த மசோதா ஒன்று இச்சபையில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறியது. வேலைநேர வரம்புகளினின்று தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசினர்க்குத் தந்தது. நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு இது வழிகோலும் என்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியினரே எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தனர். எண்ணிக்கையில் அவர் தோற்றனர். ஆனால் அவர் சொல் தோற்கவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்தன, மூன்று நாட்களுக்குள் மசோதாவின் மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். சபையிற் பேசப்பட்ட நியாயம், வாக்கெடுப்பில் வீழ்ந்தாலும், நாட்டின் செவியில் விழுந்து பயன்விளைக்கும் என்பது ஒன்று. தொழிலாளரையும் முதலாளரையும் அழைத்துக் கேட்கும் கமிட்டிப் படியை அம்மசோதா கடந்திருப்பின், தெருவில் எழுந்த வினா அவையிலேயே தீர்ந்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று.

சில நியாயங்கள் பத்து நாளில் வெல்லும். சில பல்லாண்டு காத்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அக்காலச் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராய் அமர்ந்து, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். கோயில்களுக்குப் பெண்மக்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றுமாறு வேண்டும் தீர்மானத்தை அவர் 1927-இல் கொணர்ந்தார். அவ்வழக்கத்தை முற்றும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1947-இல். இருபதாண்டு இடைவெளியில் சபைகள் மாறின, அரசுகள் மாறின. ஆயினும் அவையில் ஒருமுறை முறையாக எழுப்பப்பட்ட வினா அழியவில்லை.

சபை நிறைவேற்றியதும் மசோதா சட்டமாகி விடுவதில்லை. கவர்னரின் இசைவு வேண்டும். அரசியலமைப்பின் 200-ஆம் விதிப்படி அவர் இசைவு தரலாம், தராது நிறுத்தலாம், பண மசோதா அல்லாததை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவிற்கு ஒதுக்கி வைக்கலாம். திருப்பியதைச் சபை மீண்டும் நிறைவேற்றின், இசைவை மறுத்தல் ஆகாது. மேற்கூறிய திருமணச் சட்டமும் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றே 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கவர்னர் இசைவளிக்காது திருப்பிய 10 மசோதாக்களை 2023 நவம்பர் 18-ஆம் நாள் இச்சபை மீண்டும் நிறைவேற்ற, அவர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு ஒதுக்கினார். அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் அவை இசைவு பெற்றனவாகவே கொள்ளப்படும் எனத் தீர்ப்பளித்தது. பின்னர்க் குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு ஐந்து நீதிபதிகள் அதே ஆண்டு நவம்பர் 20-இல் கருத்துரைத்து, நீதிமன்றம் காலவரை விதித்தலும் இசைவு பெற்றதாகக் கொள்ளுதலும் பொருந்தா என்றனர். மசோதாவைத் திருப்பி அனுப்பாமலே இசைவை நிறுத்தி வைத்தலும் முறையன்று என்றனர். சபையின் வேலை எங்கே முடிகின்றது என்பது இன்றும் ஆராயப்படும் பொருளாகவே இருக்கின்றது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின் யாம் கொள்ளும் முடிபு இது: வாக்கெடுப்பு சபையின் வலிமையைக் காட்டும்; திருத்தமோ அதன் அறிவைக் காட்டும். மேற்சபை இருந்த காலத்தில், கீழ்ச்சபை விரைந்து விட்ட பிழையை மற்றொரு கண் காண வாய்ப்பிருந்தது. இன்று அக்கண் இல்லை. ஆதலின் பிரிவுதோறும் ஆய்தலும் கமிட்டிக்கு அனுப்புதலும் முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகின்றன. கூட்டத் தொடரின் கடைநாட்களில் மசோதாக்களை அடுக்கி, ஆம் என்னும் ஒலியினால் வரிசையாக நிறைவேற்றும் வழக்கம் எக்கட்சி ஆண்டாலும் நன்றன்று. முன்வடிவு செதுக்கப்படாமலே முடிந்த வடிவாகுமாயின், சபை இருந்தும் பயன் என்னை?

திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் உள. அவற்றை நாம் பாடமாகப் படிக்கின்றோம். 1989 முதல் 18 வயதினர்க்கு வாக்குரிமை வந்துவிட்டமையால் நம்மிற் பெரும்பாலார் இன்றே வாக்காளர். சட்டசபை அங்கத்தினராதற்கோ 25 வயது நிரம்ப வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளை நாம் வீணே கழித்தல் வேண்டா. நம் ஊரிலிருந்து சென்ற அங்கத்தினர் எக்கட்சியினர் என்பதோடு நில்லாது, அவர் எத்தனை திருத்தங்கள் கொணர்ந்தார், எப்பிரிவின்மேல் யாது பேசினார் என்று கேட்கப் பழகுவோமாக. அரசிதழில் வரும் மசோதாவை எடுத்து, இலக்கண நூலைப் படிப்பது போலச் சொல்சொல்லாகப் படித்துப் பார்ப்போமாக. நம் சொற்போர் மன்றமும், ஆண்டிற்கொரு முறையேனும், ஒரு மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தம் கூறி விவாதித்தல் நலம். வாக்களிக்கக் கற்றல் எளிது. திருத்தக் கற்றலே அரிது.