மண் திருந்தினால் மனம் திருந்துமா?

ஞாயிறு தமிழ் வகுப்பில் நிலத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் ஆரோவில்லைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம். பெரியவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து மேட்டு நிலத்தில், 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அந்த ஊரைத் தொடங்கினார்கள். அன்று அங்கே நிழல் என்பது அநேகமாக இல்லை. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காடு அழிந்துபோய், வெறும் செம்மண் பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் கரைந்தோடிக் கடலையே சிவக்க வைக்குமாம்.

மனிதன் உள்ளே மாற வேண்டும் என்ற நோக்கத்துடன் வந்தவர்கள் அவர்கள். ஸ்ரீ அரவிந்தரின் யோகத்தில் வேலையும் ஒரு சாதனை. கையில் கிடைத்த வேலையோ மண்வெட்டி வேலை! முதலில் வரப்பு கட்டி, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். ஓடைப் பள்ளங்களில் தடுப்பணை போட்டார்கள். பிறகு, காய்ந்த மண்ணிலும் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அகேசியா. அதன் சருகு மண்ணுக்கு உரமாயிற்று. அதன் நிழலில் நம் மண்ணின் மரங்கள் வேர் பிடித்தன. அவற்றின் விதைக்கு எங்கே போவது? கோயில் காடுகளுக்குத்தான். ஐயனாருக்கு அஞ்சி நம் கிராமத்தார் கோடரி படாமல் விட்டுவைத்த தோப்புகளில் வீரை, கருங்காலி, காயா எல்லாம் மிஞ்சியிருந்தன. (திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை சொல்லும் காயாம்பூ இதுவே.)

கருங்காலி மிக மெதுவாக வளரும். நட்டவர் அதை முழு மரமாகப் பார்ப்பது அரிது. அப்படியும் நடுகிறவரிடம் ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்ற கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும் என்பது என் எண்ணம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது அகேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வந்த வேலை முடிந்து புறப்பட்டதுபோல!

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பலரும் வெளிநாட்டாரின் மனமாற்றத்தையே எழுதுகிறார்கள். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை மக்கள் கூலிக்குக் குழி வெட்டியதும், செடிகளுக்குத் தண்ணீர் சுமந்ததும் ஓரிரு வரியில் முடிந்துவிடுகின்றன. அவர்களுக்கும் அந்த மண்வெட்டி சாதனையாக இருந்ததா, வயிற்றுப்பாடாக மட்டும் இருந்ததா? யாராவது அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

காடு வளர்ந்தபின் சண்டையும் வளர்ந்தது. நகரத் திட்டத்தின் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியபோது ஆரோவில்வாசிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. மரம் நட்டு மனம் மாறியவர்களுக்கு, நட்ட மரத்தை விட்டுக்கொடுப்பதா கூடாதா என்பது வரப்பு கட்டுவதைவிடக் கடினமான பாடம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் எப்போதும் மரத்தின் பக்கம்தான்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் ஆரோவில்லோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் தோப்பு இருக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.