எட்டுக்கு ஆறா, ஆறரைக்கு மூன்றா?

பேஸ்மட்டம் எழும்பியதுமே மேஸ்திரி செப்டிக் டேங்க் பேச்சை எடுத்துவிடுவார். "எட்டுக்கு ஆறு போட்டுடலாம் சார், ஆழம் எட்டடி. உங்க பேரன் காலம் வரைக்கும் மூடியைத் திறக்கவே வேண்டாம்." நாலு பேர் குடியிருக்கப்போகும் வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. மேலே ஓரடி காலி விட்டாலும் அதில் ஏறக்குறைய 9,500 லிட்டர் நிற்கும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை ஐந்து பேருக்குச் சொல்வது சுமார் 1,200 லிட்டர்தான்.

அந்தத் தரநிலையின் அட்டவணை ஆட்களின் எண்ணிக்கையோடு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்போம் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால், ஐந்து பேருக்கு உள்ளளவில் நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75, நீர் ஆழம் 1.05. பத்துப் பேருக்கு 2 மீட்டர், 0.9, 1.4, அதாவது ஆறரைக்கு மூன்றடி, நீர் மட்டம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். இதில் 2,500 லிட்டர் பிடிக்கும். இரண்டிலும் நீர் மட்டத்துக்கு மேல் ஓரடி காலியிடம் வேண்டும்.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கும் பத்துப் பேர் அளவையே நான் சொல்வேன். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு மாடி எடுத்து வாடகைக்கு விடுவோம். குளியலறைத் தண்ணீரையும் பிளம்பர் இதிலேயே இணைத்துவிடுவார். நகர வீடுகளுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து பேருக்கு 675 லிட்டர் ஆகிறது. அவ்வளவும் சிறிய டேங்குக்குள் பாய்ந்தால், கசடு பாதி இடத்தைப் பிடித்த பிறகு தண்ணீர் ஒருநாள்கூட உள்ளே தங்காது. படிய வேண்டியதெல்லாம் படியாமல் வெளியே போகும். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தனியாகத் தோட்டத்துக்கு விட முடிந்தால் நல்லது. இன்னொரு வசதி, 2,500 லிட்டரைக் கழிவுநீர் லாரி ஒரே நடையில் எடுத்துவிடும்.

பெரிய டேங்கால் கெடுதல் என்ன? தண்ணீர் அதிக நேரம் தங்குவதால் தெளிவு நன்றாகவே இருக்கும். அதை மறுக்க முடியாது. சிக்கல் எடுக்கும்போதுதான். பத்துப் பதினைந்து ஆண்டு தொடாமல் விட்ட கசடு அடியில் இறுகிவிடும், லாரிக் குழாய் அதை இழுக்காது. அப்போது யாரையாவது உள்ளே இறக்கலாம் என்ற பேச்சு வரும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். உயிர் போன வீடுகளும் உண்டு.

"எங்க வீட்டில் இருபது வருஷமா எடுத்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களின் டேங்குக்குப் பெரும்பாலும் தளமே இருக்காது. தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். உறை இறக்கிய குழியும் அப்படித்தான். மூன்றடி விட்டம், ஓரடி உயரமுள்ள ஓர் உறையில் 200 லிட்டர். பத்து உறை என்றால் 2,000 லிட்டர். கணக்கு சரிதான். ஆனால் அடியில் வெறும் மண், இணைப்பெல்லாம் கசிவு. உறை இறக்கியே ஆக வேண்டுமென்றால் டேங்குக்கு அடுத்த உறிஞ்சுகுழிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தள்ளியிருக்கும் கிராமத்து வீட்டில், தண்ணீர்ச் செலவும் குறைவு என்றால், மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழிக் கழிப்பறையே போதும். செப்டிக் டேங்க் தேவையில்லை.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போருக்கும் நடுவே 18 மீட்டர், சுமார் அறுபதடி, இடைவெளி வேண்டும் என்கிறது அதே தரநிலை. நாற்பதுக்கு அறுபது என்று ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். வாஸ்து பார்ப்பவர் போரை வடகிழக்கில் போடச் சொல்வார், டேங்கை வடமேற்கில். வடபக்கம் நாற்பதடி என்றால் அங்கேயே விதி உடைந்துவிட்டது. அறுபதைத் தாராளமாகத் தாண்டுவது மூலைவிட்டம் மட்டும்தான், எழுபத்திரண்டு அடி. அது போய் முடிவதோ வாஸ்துக்காரர் குழியே கூடாதென்னும் தென்மேற்கு. பக்கத்து வீட்டுக்காரர் போர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இடம் இவ்வளவு நெருக்கடியாக இருக்கையில் டேங்குக்குத் தளமும் இல்லையென்றால் அதுவும் ஓர் உறிஞ்சுகுழியாகிவிடும். கரிசல் மண்ணில் உறிஞ்சுகுழியே சரியாக இழுக்காது. அங்கே உபரி நீருக்கு என்ன வழி என்பதை டேங்க் தோண்டுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

செங்கல் கட்டி உள்ளே சிமெண்ட் பூசுவதா, கான்கிரீட்டா, ரெடிமேட் பிளாஸ்டிக்கா? நல்ல கொத்தனார் கிடைத்தால் செங்கலே போதும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் கடற்கரை ஊர்களிலும் டெல்டாவிலும் கசியாத கான்கிரீட்டுக்குத்தான் என் ஓட்டு. பிளாஸ்டிக் டேங்கை ஒரே நாளில் இறக்கிவிடலாம், கசிவு பயம் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் லாரி வந்து காலி செய்த மறுநாள் அது மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மேலே கிளம்பலாம். கீழே கான்கிரீட் தளம் போட்டு அதோடு கட்டிவைக்க வேண்டும், காலி செய்ததும் தண்ணீர் நிரப்ப வேண்டும். கடைக்காரர் "பத்துப் பேருக்கு" என்றால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். "பயோ" என்று எழுதியிருப்பதற்காகச் சின்னதை வாங்காதீர்கள். வேண்டிய நுண்ணுயிர்கள் கழிவோடு தானாகவே வந்துவிடும்.

2,000 லிட்டரைத் தாண்டினால் இரண்டு அறை அவசியம். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் அறைக்கு. இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி வேண்டும். போர்ட்டிகோவுக்கு அடியில் டேங்க் வருவதாக இருந்தால், டைல்ஸ் ஒட்டுபவர் மூடியையும் சேர்த்து மூடிவிடாதபடி பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். பூச்சு காய்ந்ததும் டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, நீர் மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு ஒருநாள் மூடி வையுங்கள். மறுநாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் பூச்சை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.