நொண்டும் பூனைக்கு நம் மாத்திரை ஆகாது

நெல்லும் பயறும் சேமித்து வைக்கும் வீடுகளில் எலித் தொல்லைக்காகவே பூனை வளர்க்கப்படுகிறது. மாடு நொண்டினால் அன்றே கவனிப்பவர்கள்கூட, பூனை நொண்டினால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்து வைக்கிறார்கள். சும்மா விடுவதைவிட இது பெரிய கெடுதல்.

நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொன்றுவிடக் கூடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால், இந்த அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன மாத்திரை, எப்போது கொடுத்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லவும். முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் போனால்தான் பயன்படும். மற்ற வலி மாத்திரைகளையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

முதலில் பூனையைப் பழைய துண்டால் சுற்றிப் பிடித்து, பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கவும். கருவேல முள்ளோ கண்ணாடித் துண்டோ தைத்திருக்கலாம். கிழட்டுப் பூனையானால் நகமே வளைந்து சதையில் குத்தியிருக்கும். மேலாக உள்ள முள்ளை எடுத்துவிட்டு, அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவினால் போதும். டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் தடவ வேண்டாம். பூனை அதை நக்கி விழுங்கிவிடும்.

கடுவன் பூனைகள் சண்டையில் கடிபடுவது சகஜம். பல் பட்ட துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கோக்கும். இரண்டு மூன்று நாளில் கால் வீங்கிச் சூடாகும். பூனை தீனி எடுக்காது. கட்டியைப் பிதுக்காமல் டாக்டரிடம் காட்டவும்.

கால் தொங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென்று விழுந்து குளிர்ந்துபோனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. மூங்கில் பத்தை வைத்துக் கட்ட முயல வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் கோணி விரித்துப் படுக்க வைத்து எடுத்துச் செல்லவும்.

காரணமின்றிச் சீறிக் கடிக்க வந்து, எச்சில் ஒழுகும் பூனையைத் தொடவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தடுப்பூசி பற்றிக் கேட்கவும்.