வேலைக்குப் போகும் தாயும் பால்குடிக் குழந்தையும்



சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓய்வு கிடையாது. மூன்று மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வியாபாரத்துக்கு வரும் தாய்மார்கள் உண்டு. தென்காசியில் ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலைக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை ஒன்றுதான்: "பிள்ளை என்னிடம் மட்டும்தான் குடிக்கிறது. பாட்டிலை வைத்தால் துப்புகிறது. நான் எப்படிப் போவது?"

இதற்காகத் தாய்ப்பாலையே நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய நஷ்டம். குழந்தை புதிதாகப் பழக வேண்டியது வேறு பாலை அல்ல. வேறொருவர் கையால் குடிப்பதை மட்டுமே.

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், பால்குடியை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று காலம் வகுக்கிறது. தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தையின் பொறுப்பு என்கிறது. குழந்தையின் பொருட்டுத் தாயும் சிரமப்படுத்தப்படக் கூடாது, தந்தையும் சிரமப்படுத்தப்படக் கூடாது என்கிறது. பால் மறக்கடிப்பதானாலும் இருவரும் மனமொத்து ஆலோசித்தே செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே இது தாய் ஒருத்தி தலையில் போடுகிற சுமை அல்ல. வாப்பாவும் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

முதலில் சங்கு, பிறகுதான் பாட்டில்

பாட்டிலின் நிப்பிளிலும் கழுத்திலும் பால் தங்கிக் கிருமி வளரும். அதைச் சுத்தம் செய்வது கடினம். வயிற்றுப்போக்குக்கு இது முக்கியக் காரணம். நிப்பிளில் பால் தானாக வழிவதால், பழகிய குழந்தை தாயிடம் உறிஞ்சிக் குடிக்கச் சோம்பல்படுவதும் உண்டு. பாட்டில்களையும் பால்பவுடரையும் விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது.

நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடைச் சங்கு இதைவிடப் பாதுகாப்பானது. சிறு கிண்ணமும் போதும். குழந்தை விழித்திருக்கும்போது மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். சங்கின் முனையைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரியுங்கள். வாயில் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு வாயையும் விழுங்கிய பிறகே அடுத்தது. மூக்கைப் பிடித்தும், படுக்க வைத்தும் புகட்டக் கூடாது. பால் புரை ஏறிவிடும்.

பழக்கும் முறை

1. வேலைக்குப் போக இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் நாளுக்கு ஒரு வேளை போதும்.

2. கொடுப்பவர் தாயாக இருக்க வேண்டாம். தாயின் வாசனை பட்டால் குழந்தை மார்பைத்தான் தேடும். பகலில் பார்த்துக்கொள்ளப்போகிற பாட்டியோ வாப்பாவோ கொடுக்கட்டும். அந்நேரம் தாய் வேறு அறையில் இருக்கட்டும்.

3. பசியில் கதறும் வரை காத்திருக்க வேண்டாம். லேசாகப் பசி தெரியும்போதே, குழந்தை சாந்தமாக இருக்கையில் கொடுங்கள்.

4. மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தூக்கி ஆறுதல்படுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். இரண்டு வாயோடு நிறுத்தினாலும் அன்றைக்கு அது போதும்.

5. பாட்டில்தான் முடியும் என்றால், பால் மெதுவாக வரும் நிப்பிள் வாங்குங்கள். குழந்தையை நிமிர்த்தி வைத்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். தலையணையில் முட்டுக் கொடுத்துவிட்டு நகரவே கூடாது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் வையுங்கள்.

பாலைப் பீய்ச்சி வைப்பது

பீய்ச்சும் முன் சோப்பால் கை கழுவ வேண்டும். பீடி சுற்றும் சகோதரிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; விரலில் ஒட்டிய புகையிலைத் தூள் குழந்தைக்குப் போகக் கூடாது. மூடியுள்ள, கொதிக்க வைத்த பாத்திரத்தில் பாலைப் பிடியுங்கள். வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பிரிட்ஜின் உள்பகுதியில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மேலே ஆடைபோல் கொழுப்பு மிதப்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல. அடுப்பில் நேராகச் சூடாக்காமல், வெந்நீருள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குடித்து மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும்? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தை நாளுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை இடத்திலும் மூன்று மணிக்கொரு முறை பீய்ச்சினால் பால் கட்டிக்கொள்ளாது, வற்றவும் வற்றாது. வீடு திரும்பியதும், இரவிலும் விடியற்காலையிலும் நேரடியாகக் கொடுங்கள். சில குழந்தைகள் பகலில் குறைவாகக் குடித்து இரவில் ஈடுகட்டும். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பயமில்லை.

கவனிக்க வேண்டியவை

டாக்டர் சொல்லிப் பால்பவுடர் கொடுப்பதானால், டப்பாவில் உள்ள அளவை மாற்றாதீர்கள். விலை கூடுதலென்று தண்ணீரை அதிகம் சேர்த்தால் பிள்ளை மெலிந்துபோகும். ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பாட்டில் பழக்கவே தேவையில்லை. கிண்ணத்தில் பாலும், கூடவே மசித்த உணவும் கொடுக்கலாம்.

உறவுக்காரப் பெண் பால் கொடுக்க முன்வந்தால், பால்குடி உறவு ஏற்பட்டுப் பிற்காலத் திருமண உறவுகளைப் பாதிக்கும். பீய்ச்சிக் கொடுத்தாலும் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டு, யார் யாருக்குக் கொடுத்தார் என்று எழுதி வையுங்கள்.

குழந்தை எதையும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு 108 உண்டு.

சம்பள வேலையில் உள்ள சகோதரிகள் கவனத்துக்கு: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்குத் திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை. சொந்தக் கடை நடத்தும் குடும்பங்களும் தம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நேரத்தையாவது ஒதுக்கித் தரட்டும்.

நம் பிள்ளைகளை ஆரோக்கியத்தோடும் ஈமானோடும் வளர்க்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.