ரோஜாவைத் தின்னும் வண்டுகள்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, மாதா கெபியைச் சுற்றியுள்ள ரோஜாச் செடிகளைப் பார்த்து நீங்களும் வருந்தியிருப்பீர்கள். இலைகளெல்லாம் சல்லடையாய்க் கிடந்தன. பகலில் எவ்வளவு தேடியும் ஒரு பூச்சிகூட அகப்படவில்லை. தோட்டத்தைக் கவனிக்கும் சிஸ்டர், "இரவு ஏழரை மணிக்கு டார்ச் விளக்கோடு வாருங்கள்" என்று விடுதி மாணவிகளாகிய எங்களை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் செடிக்குச் செடி கரும்பழுப்பு நிற வண்டுகள்! பக்கத்து வேப்பமரத்திலோ சொல்லவே வேண்டாம்.

மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கும் இவ்வண்டு, கோடை மழையில் மண் நனைந்ததும் அந்தி நேரத்தில் வெளியே வரும். வேம்பு, இலந்தை, கொய்யா, ரோஜா ஆகியவற்றின் இலைகளை இரவில் தின்றுவிட்டு விடியுமுன் மீண்டும் மண்ணில் புகுந்துவிடும். முட்டையிடுவதும் மண்ணில்தான். அதிலிருந்து வரும் வெள்ளைப் புழு, பழுப்புத் தலையுடன் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். இதற்கு வேர்ப்புழு என்று பெயர். நிலக்கடலை, கரும்பு இவற்றின் வேரே இதன் உணவு. எங்கள் ஊர் மல்லாட்டைக் கொல்லையில் செடிகள் திட்டுத் திட்டாக வாடி, பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்புழுவின் தாய் எங்கள் வீட்டு வேப்பமரத்தில்தான் விருந்துண்டது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டு நியூஜெர்ஸி மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஜப்பானிய வண்டும் இப்படியேதான்: மேலே ரோஜாவைத் தின்னும், அதன் புழு மண்ணுக்குள் புல்லின் வேரைத் தின்னும்.

வேப்பெண்ணெய் தெளிக்கலாமா என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். வேப்பமரத்தையே மொட்டையடிக்கிற வண்டாயிற்றே! முன்பு நிலங்களில் பி.எச்.சி. தூளை இட்டு வந்தார்கள். அதன் நஞ்சு நெடுநாள் மண்ணில் தங்குவதால் 1997-இல் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டது. தோட்டத்திற்குக் கைதான் சிறந்த மருந்து. முதல் மழைக்குப் பின் சில இரவுகள் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி, சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீரில் போட வேண்டும். நாங்கள் நான்கு இரவுகளில் அரை வாளி சேர்த்தோம். கொல்லையை உழுதால் புழுக்கள் வெளியே வரும். காக்கையும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நன்கு மக்காத சாணத்தைச் செடிக்கு இடக்கூடாது.

கடித்த அடையாளத்தைக் கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். இலை ஓரம் பல் பல்லாக அரிக்கப்பட்டிருந்தால் அது சாம்பல் நிறக் கூன்வண்டு. தொட்டால் செத்ததுபோல் கீழே விழும். ஆகவே அடியில் குடையை விரித்துப் பிடித்துச் செடியை உலுக்குங்கள். மாமரத்தில் துளையிலிருந்து மரத்தூள் கொட்டினால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கும். வளைந்த கம்பியால் அதை வெளியே இழுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஆனால் ரோஜா இலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அழகான வட்டம் இருந்தால் வண்டைத் திட்டாதீர்கள். அது ஒரு வகைத் தேனீ கூடு கட்ட எடுத்துச் சென்றது.

நானும் ஒரு தவறு செய்தேன். கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி அடர்ந்திருந்தது. வெள்ளை நூல் தொங்கும் பெரிய பூச்சிகளாகப் பார்த்துப் பார்த்து நசுக்கினேன். சிறியவை தானே சாகும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் பிஞ்சுகளெல்லாம் வெள்ளையாகிவிட்டன. உயிரியல் ஆசிரியை பூதக்கண்ணாடியில் காட்டிய பிறகுதான் உண்மை விளங்கிற்று. நான் நசுக்கியவை மாவுப்பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டின் குழந்தைகள்! காப்பிச் செடியின் செதிள்பூச்சியை அடக்குவதற்காக 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனமாம் அது. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை வேடம் பூண்டிருக்கும். ஆனால் உருவில் பெரியது, குச்சியால் தொட்டால் விரைந்து ஓடும். மாவுப்பூச்சியோ மெல்ல ஊரும்.

அன்று மாலை கீழ்க்கிளையில் குச்சியோடு தேடினேன். ஓடியவை மூன்றே மூன்று. அந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி