மின்னூலின் விலை கைக்கு வரும் வழி

பனையோலைப் பெட்டி முடையும் முறையை எங்கள் வகுப்பு மாணவியர் படங்களாக வரைந்து, கணினியில் இருபது பக்க மின்னூலாக்கினோம். விலை 50 ரூபாய். திசையன்விளைச் சந்தையில் முருங்கைக்காய் கைமாறும்போதே காசும் கைமாறும். கையில் பிடிக்க முடியாத மின்னூலுக்கு?

முதலில் யுபிஐ முறையை நாடினோம். 2016-இல் வந்த இம்முறையில் 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை. ஆகவே 50 ரூபாயும் முழுதாக வரும். தோழி ஒருத்தியின் அத்தை தம் எண்ணைத் தந்தார்கள். ஒருவர் பணம் செலுத்தியதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நாங்களும் நம்பி நூலை அனுப்பிவிட்டோம். வங்கிக் கணக்கிலோ ஒரு காசும் ஏறவில்லை! போன நூல் திரும்புமா?

எனவே ரேசர்பே போன்ற இடைநிலை நிறுவனங்களை ஆராய்ந்தோம். பணம் வந்ததை அவை உறுதிசெய்த பின்பே நூல் தானாகச் செல்லுமாறு அமைக்கலாம். கணித ஆசிரியையான அருட்சகோதரி, "கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார்கள். கட்டணம் நூற்றுக்கு 2 எனில் 1 ரூபாய். அதன்மீது 18 சதவீத வரி 18 காசு. மீதி ரூ.48.82. இது எங்களுக்குப் பாரமாகத் தோன்றவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் சில, சதவீதத்தோடு விற்பனை ஒவ்வொன்றுக்கும் நிலையான தொகையும் பிடிக்கின்றன. அது 25 ரூபாயானால் எங்கள் விலையில் பாதி போயிற்று! பேபாலோ 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தையே நிறுத்திவிட்டது.

பதினெட்டு வயது நிரம்பாத எங்கள் பெயரில் விண்ணப்பிக்க இயலாது. அத்தையே தம் பான் அட்டையுடன் விண்ணப்பித்திருக்கிறார்கள். விற்ற பணம் வங்கிக்கு வரச் சில நாட்களாகுமாம். அதுவரை முன்பணம் கேட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி