சாயக்கழிவு நீருக்கு எந்தத் துகள்: வெள்ளியா, துத்தநாகமா, இரும்பா?

தாவரச் சாற்றைக் கொண்டு உலோக உப்பை நானோ துகளாக, அதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் நுண்துகளாக, மாற்றுவது பசுமைத் தொகுப்பு எனப்படுகிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்கத் துகள்களை உருவாக்கி 2004-இல் ஆய்வு வெளியிட்ட பின், இந்தியக் கல்லூரிகளில் இம்முறை வெகுவாகப் பரவியது. மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அருகே அமைந்த கீழக்குயில்குடி போன்ற ஊரில் வேம்பும் ஆவாரையும் எளிதில் கிடைப்பதால், இலையை முதலில் முடிவு செய்துகொண்டு உலோகத்தைப் பிறகு தேடுவது இயல்பாகிவிடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு நீரைக் கருதி ஆய்வு செய்வோர் இவ்வரிசையை மாற்ற வேண்டும்: நீரின் தன்மையும், வேலை முடிந்த துகளை மீட்கும் வழியுமே உலோகத்தைத் தீர்மானிக்க வேண்டும்; இலை கடைசியில் வரலாம்.

வெள்ளி செய்வதற்கு எளிது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றினால் நிறம் மஞ்சளாகிப் பழுப்பாகும். 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படுவது துகள் உருவானதற்கு அடையாளம். ஆனால் இத்துகளை மெத்திலீன் நீலச் சாயத்தில் சோதிக்கும்போது பெரும்பாலும் சோடியம் போரோஹைட்ரைடு என்னும் ஒடுக்கும் பொருளும் சேர்க்கப்படுகிறது. சில நிமிடங்களில் நீலம் மறைந்தாலும் சாயம் சிதைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அது நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கக்கூடும், குடுவையைத் திறந்து காற்றுப் படக் குலுக்கினால் நீலம் திரும்பவும் கூடும். விலையும், நீர்வாழ் உயிர்களுக்கு வெள்ளி அயனி விளைக்கும் நஞ்சும் சேர்ந்தால், கண்மாய்க்குப் போகும் நீரில் இதைப் பயன்படுத்துவதற்கு நியாயம் கிடைப்பது அரிது.

துத்தநாக ஆக்சைடு வேறு வழியில் இயங்குகிறது. அது ஒளிவினையூக்கி: புற ஊதா ஒளியைப் பெற்று, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்னும் வீரியமிக்க ஆக்சிஜனேற்றியை உண்டாக்கி, சாய மூலக்கூறையே உடைக்கிறது. ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், மதுரை வெயிலில் நூற்றில் நாலைந்து பங்கே உள்ள புற ஊதாப் பகுதிதான் இதற்குப் பயன்படும். எனினும் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் சமவெளிக்கு அதுவே குறைவானதன்று. இலைச்சாற்றோடு வினைப்பட்ட கலவையைப் பெரும்பாலும் 400 பாகை செல்சியஸ் அளவில் உலையில் சுடுவதால், இலையின் கரிமப் பொருள் எரிந்துபோகிறது என்பதையும் உலைக்கு ஆகும் மின்சாரத்தையும் மறைக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். மிகு அமிலத்திலும் மிகு காரத்திலும் இது கரையும். ஆகவே காரம் மிகுந்த சாயநீரை முதலில் நடுநிலைப்படுத்தி, துகளைக் கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசி நிலைநிறுத்துவது நல்லது. நீரில் கலக்கிவிட்டால் வடிகட்டி மீட்பது கடினம்.

இரும்பே மலிவானது. கடுக்காய்க் கஷாயத்தில் இரும்பு உப்புச் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது சாயத்தொழிலில் பழைய அறிவு. தேயிலைச் சாறும் அப்படியே கறுக்கிறது. இது டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைவதன் விளைவு. ஆகவே கறுப்பை மட்டும் கொண்டு தூய இரும்புத் துகள் உருவானதாகச் சொல்வது பிழை. அது பெரும்பாலும் இரும்புப் பிணைப்புச் சேர்மமாகவே இருக்கும். ஆயினும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து அதுவும் சாயத்தை உடைக்கிறது. ஃபென்டன் வினை எனப்படும் இது பிஎச் 3 அளவில் சிறப்பாக நடப்பதால் நீரை அமிலமாக்கி மீண்டும் நடுநிலைப்படுத்த வேண்டும், இரும்புச் சகதியும் மிஞ்சும். காந்தத்தால் துகளை எடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கையும் மேக்னடைட் போன்ற காந்த வடிவம் உருவானால்தான் நிறைவேறும்.

எதைத் தேர்ந்தாலும், சோதனையை இருளில் அரைமணி நேரம் வைத்து, துகள் சாயத்தை வெறுமனே ஒட்டவைத்துக்கொள்ளும் அளவைக் கழித்துப் பார்ப்பதும், துகள் இன்றி ஒரு கரைசலை உடன் வைப்பதும் கட்டாயம். சுங்குடி முதலிய துணிகளுக்கான சாயங்களில் அசோ வகையும் உண்டு. அவை பாதியில் உடைந்தால், நிறமில்லாத, சில வேளைகளில் சாயத்தைவிடக் கொடிய அரோமாட்டிக் அமீன்கள் உருவாகும். அதனால் நிறம் குறைந்த விழுக்காட்டைவிட, நீரின் கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறைந்தது என்பதே நம்பத்தக்க சான்று.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பட்டறையின் நீரைக் கருதும் ஆய்வுக்கு, ஓட்டில் பூசிய துத்தநாக ஆக்சைடை வெயிலில் வைப்பதே முதலில் முயன்று பார்க்கத்தக்கது. பெராக்சைடும் சகதி மேலாண்மையும் இருக்கும் இடத்தில் இரும்பு. இலையைப் பொறுத்தவரை, தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சமணர் மலைச் சரிவில் பறிக்காமல், வேலியோரத்தில் உதிர்ந்த வேப்பிலையோ தேநீர்க் கடைச் சக்கையோ போதும். சாயநீரில் கரைந்துள்ள உப்பை மட்டும் இம்மூன்று துகள்களில் எதுவும் நீக்காது: 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட திருப்பூரில், நொய்யல் நீரைக் கெடுத்ததில் நிறத்தோடு கரைந்த உப்பும் பெரும்பங்கு வகித்தது, அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியும் ஆவியாக்கியும்தான் வேண்டியிருக்கின்றன.